டேங்க்கைப் பற்றிக் கேட்கப் போய்க் கொடும்பாவி கட்டினோம்

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் அப்பா எழுதுவது. நான் பத்தாவதோடு நின்றவன். கட்சிக் கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதிப் பழகிய கை, அதனால் எங்கேயாவது நோட்டீஸ் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தெருப் பெண்கள் இன்றைக்கும் நான்குவழிச் சாலையைத் தாண்டிப் போய்த்தான் தண்ணீர் எடுத்து வருகிறார்கள். அதில் என் பங்கு என்ன என்பதை நானே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

தொப்பூர் கணவாயில் இறங்கி வரும் லாரிகள் நம் ஊரைத் தாண்டும்போது பிரேக் தீய்ந்த நாற்றத்தோடுதான் தாண்டும். அந்த லாரிகளுக்கு நடுவில் உங்கள் அம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று டிவைடர் மேல் நின்று வழி பார்ப்பாள். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்துக் கிணறுதான் நம் தெருவுக்கு. இந்தப் பக்கம் பஞ்சாயத்து ஒரு டேங்க் கட்டியது. கட்டி, பெயிண்ட் அடித்து, பெயரும் எழுதினார்கள். போர்வெல்லும் போட்டார்கள். தெருவுக்கு வர வேண்டிய குழாய் மட்டும் வரவில்லை.

அப்போது பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் மேலத்தெரு அம்மா. பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இருந்தாலும் யார் வீட்டில் எந்தக் கொடி என்பது ஊருக்குத் தெரியும். அவர்கள் வீடு ஆளுங்கட்சி. நான் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர். அந்த அம்மாவின் மகள் தினமும் காலையில் நம் வாசலில் வந்து நின்று பெரியவளைக் கூப்பிடுவாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போவீர்கள். எனக்கும் அவளுக்கும் சேர்த்துத்தான் உங்கள் அம்மா காலையில் டீ போடுவாள்.

ஒரு நாள் ஒன்றியச் செயலாளர் போன் செய்தார். ஏதோ ஓர் அமைச்சர் ஏதோ பேசிவிட்டாராம், தலைமையிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது, மாநிலம் முழுக்க உருவபொம்மை எரிப்பு.

"கிளைக்கு ஒரு பொம்மையாச்சும் எரியணும்யா. போட்டோ சாயந்திரத்துக்குள்ள குரூப்புக்கு வந்துடணும்."

"எங்க ஊர்ல அந்த அமைச்சரு மூஞ்சியே யாருக்கும் தெரியாதுங்கண்ணா. தண்ணிப் பிரச்சனைய வெச்சுப் பண்ணட்டுங்களா? டேங்க்குன்னா பொம்பளைங்களும் வருவாங்க."

"எத வெச்சாவது பண்ணு. கூட்டம் தெரியணும், அவ்ளோதான்."

நான் நினைத்தது இவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பில் கூடுவோம். டேங்க்குக்குக் குழாய் எங்கே என்று கேட்டுக் கோஷம் போடுவோம். பொம்மையை எரித்துவிட்டுக் கலைவோம். கேட்க வேண்டிய கேள்விதானே அது? இப்போதும் அது சரியான கேள்வி என்றுதான் சொல்வேன்.

ஆனால் நம் ஊர் ஆட்களுக்குப் பொம்மை கட்டச் சொன்னால் ஒரே ஒரு பொம்மைதான் கட்டத் தெரியும். சின்னவன் பார்த்ததில்லை. மழை பொய்த்த வருஷங்களில் வைக்கோலில் பெண் உருவம் கட்டி, பழைய சேலை சுற்றி, கயிற்றில் தெருத்தெருவாக இழுத்துப் போவோம். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். சாவு விழுந்த மாதிரி ஊரே அழுதால் வானம் இரங்கும் என்பது கணக்கு. அதற்குப் பெயர் கொடும்பாவி. அன்றைக்கு நான் பொம்மை கேட்டதும் அதைத்தான் கட்டிக் கொண்டுவந்தார்கள். சேலையைப் பார்த்ததுமே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்திருந்தது. ஒப்பாரிக்குப் பேர்போன கீழத்தெரு அக்காவே வந்துவிட்டார். கூட்டம் தெரியணும் என்ற பேச்சுதான் காதில் இருந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கொடும்பாவி எந்தத் தெருவையும் விடாது. பஸ் ஸ்டாப்புக்கு என்று நான் திரும்பிய இடத்தில் கயிறு பிடித்தவர்கள் பழக்கதோஷத்தில் மேலத்தெருவுக்குள் போய்விட்டார்கள். கையைத் தூக்கி "இந்தப் பக்கம்" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. வேகவேகமாக நடந்து மறுபடி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம். தலைவர் அம்மா வீட்டு வாசலில் அந்தப் பெண் யூனிபார்மோடு நின்றாள். பக்கத்தில் பெரியவளே, நீயும் நின்றாய். ஒப்பாரி வைப்பவர்கள் கண்ணில் படுவதை வைத்துத்தான் பாடுவார்கள், அது அவர்கள் வழக்கம். அந்த அக்காவுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வாசலில் பெண்ணைப் பார்த்தார், வாயில் வந்துவிட்டது.

"தண்ணிக்குப் போனவளே எந்தாயே
தடம் மறந்து போனாயோ
பள்ளிக்கூடம் போன புள்ள எந்தாயே
பசியோட வந்து நிக்குதே."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் உள்ளே திரும்பி "அம்மா" என்று கூப்பிட்டாள். அம்மா இருக்கிறாளா என்று பார்ப்பது போல ஒரு கூப்பாடு. தலைவர் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பொம்மையைப் பார்த்தார். என்னிடம்தான் கேட்டார்.

"அண்ணா, டேங்க்க பத்திக் கேக்க வந்திருந்தா கேளுங்க. நான் பதில் சொல்றேன். இத எதுக்குங்க எம் பொண்ணு முன்னாடி இழுத்தாந்தீங்க?"

கேட்க வேண்டிய கேள்வியை நேராகவே கேட்கச் சொன்னார். பின்னாலிருந்து யாரோ கோஷம் எடுத்துக் கொடுக்க, நானும் கோஷம் போட்டேன். பிறகு பஸ் ஸ்டாப்பில் பொம்மையை எரித்தோம்.

அன்று இரவு உங்கள் அம்மா தட்டு வைக்கவில்லை. "செத்தவங்களுக்குப் பாடறத உசுரோட இருக்கறவ வூட்டு வாசல்ல பாடிட்டு வந்து சோறு கேக்கறீங்க" என்றாள். "உனக்காகத்தான பண்ணேன், நீதான தண்ணிக்கு ரோட்டத் தாண்டற" என்றேன். "எனக்காகப் பண்ணீங்களா, போட்டோவுக்குப் பண்ணீங்களா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

போட்டோ குரூப்பில் போனது. ஒன்றியச் செயலாளர் கை தட்டுகிற பொம்மை போட்டார். மறுநாள் பேப்பரில் மாவட்டம் முழுக்க அமைச்சர் உருவபொம்மை எரிப்பு என்று வந்தது, நம் ஊர்ப் பெயரும் வரிசையில் இருந்தது. டேங்க் என்று ஒரு வார்த்தை இல்லை. காலையில் அந்தப் பெண் நம் வாசலில் வந்து நிற்கவில்லை. பெரியவள் கொஞ்ச நேரம் பையை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் தனியாகப் போனாள்.

அடுத்து வந்த கிராம சபையில் எழுந்து நின்றேன். "என்னாப்பா, இங்கியும் ஒரு பாட்டு வெக்கப் போறியா" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் அம்மா, "கேக்கட்டும், வுடுங்க" என்றார். குழாய் ஏன் வரவில்லை என்று கேட்டேன். வேலை எடுத்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றார். அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. போனவர் மேல் நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், ஒன்றிய ஆபீசில் யாரைக் கேட்டீர்கள்? அதற்கு அவரிடம் பதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். அவர் சும்மா இருந்துவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் அவர் மகள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிங்க என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைக் கலங்கவைத்ததற்காக நான் வாயை மூடினேன். அதற்கான தண்டனை லாரிக்கு நடுவில் நிற்கிற உங்கள் அம்மாவுக்குப் போனது. இந்த இடத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

அப்புறம் பதவிக்காலம் முடிந்தது. இப்போது பஞ்சாயத்தைப் பார்ப்பது தனி அலுவலர். அவரைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. போன வாரம் அம்மா டிவைடரில் கால் இடறி விழுந்தாள், குடம் ரோட்டில் உருண்டு போய் லாரிச் சக்கரத்தில் நசுங்கியது. உங்களிடம் குடம் ஓட்டை என்று சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் கட்சித் துண்டு போடாமல் மேலத்தெரு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பண்ணியதற்கு மன்னிச்சுக்குங்க என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்கண்ணா இப்ப" என்றார். பிறகு அவரே, "கிராம சபையில நீங்க விடாமக் கேட்டிருந்தா, ஊரே கேக்குதுன்னு நானும் ஆபீஸ்ல போய்ச் சண்ட போட்டிருப்பேன். எங்க கட்சிக்காரங்ககிட்ட நானா போய் நின்னா, உனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேப்பாங்க. நானும் பேசாம இருந்துட்டேன்" என்றார்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேனுங்க. நீங்களும் வந்தா, நடந்தது என்னான்னு நேராச் சொல்லலாம்."

"உங்களோட சேந்து வந்தா எங்காளுங்க என்னைக் கட்சியில வெச்சிருக்க மாட்டாங்க."

"எங்காளுங்களும்தாங்க."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குழாய் எது வரைக்கும் புதைத்திருக்கிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் தெருவுக்கு வந்து காலால் கோடு போட்டுக் காட்டினார். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது அவர் மகள் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் குடித்து முடிக்கும் முன்பே உள்ளே போய்விட்டாள்.

அவர் வராவிட்டாலும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குத் தருமபுரி போகிறேன். இந்தத் தடவை போட்டோ எடுக்க யாரும் வரவில்லை.