பன்னிரண்டே முக்கால் பஸ்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. ஷிப்ட் பஸ் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று தொழிலாளர்கள் போனில் பார்த்துக்கொள்ள ஒரு வலைப்பக்கம் செய்திருந்தேன். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பெயர் வைத்து ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைப்பேன். பக்கத்தில் அந்தப் பெயர் வரும் இடத்தில் நேரத்தை எடுத்துப் போடுவது பிளகின் என்கிற ஒரு குட்டி நிரல். அதை அமைத்து முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஒரு வரி எழுதினால் நானூறு போன்களில் தெரிகிறது! சாமி கும்பிடாத எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எல்லையோரம் இருக்கும் பாகலூருக்கான பஸ் கர்நாடகத்தில் கிளம்பி வருவது. அங்கே பந்த் என்றால் எல்லை தாண்டாது. பதிலுக்கு ஓசூரிலிருந்து ஒரு வண்டி சீக்கிரமே போகும். இன்னொரு ஊரிலும் ஆள் ஏற்ற வேண்டியிருப்பதால் யாருக்காகவும் நிற்காது. அப்படி ஒரு பந்துக்கு முந்தைய நாள், கோப்பில் 1.10 என்பதை 12.45 ஆக்கினேன். என் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்தது. சர்வரிலும் மாற்றி, அதை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பாகலூரிலிருந்து பேக்கிங் பிரிவு அக்கா ஒருவர் கூப்பிட்டார். பயிற்சிக் காலத்தில் இருந்தவர். இரண்டு மணி ஷிப்டுக்கு மூன்று முறை தாமதமானால் வேலை நிரந்தரமாகாது. அவருக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது.

“சார், இன்னைக்கு பந்த்துன்றாங்க. போன்ல ஒன்னு பத்துனே காட்டுதே?”

“பன்னெண்டே முக்கால்க்கா. மூடிட்டுத் திரும்பத் தொறந்து பாருங்க.”

“பத்து தரம் பாத்துட்டேன் சார்.”

சர்வரில் இருந்த பக்கத்தைத் திறந்து, கோப்பில் நேரத்துக்கு நான் வைத்திருந்த பெயரைத் தேடினேன். அது எங்குமே இல்லை. அது இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் 1.10 உட்கார்ந்திருந்தது. பக்கத்தைக் கட்டும்போதே, அதாவது சர்வரில் ஏற்றுவதற்காக முழுசாக ஆக்கும்போதே, பெயரை எடுத்துவிட்டு நேரத்தைப் பதித்துவிட்டது பிளகின். இட்லி வெந்த பிறகு உப்பு டப்பாவை மாற்றி என்ன பயன்? என் கம்ப்யூட்டரில் பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவதால் எனக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது. அந்த அவசரத்திலும் மனதில் ஒரு ‘அட!’ எழுந்ததை மறைக்க மாட்டேன். பிளகின் செய்தது அவ்வளவு சுத்தமான வேலை.

பக்கத்தை மறுபடி கட்டி ஏற்றியபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. ஆனால் காலையிலேயே பார்த்துவைத்தவர்கள் திரும்ப எதற்குப் பார்க்கப் போகிறார்கள்? அக்காவைக் கூப்பிட்டேன்.

“விடுங்க சார், நான் போய்ச் சொல்றேன்” என்றவர் போனை வைக்காமலே நடந்தார். தெருவில் அவர் கூவுவது கேட்டது. ஒரு வீட்டு வாசலில் தமிழ், அடுத்த வாசலில் கன்னடம், அதற்கடுத்து தெலுங்கு. ஒரு இடத்திலும் குரல் தடுமாறவில்லை. நானூறு போனுக்கு ஒரு வரியை அனுப்பிவிட்டேன் என்று பெருமைப்பட்டவன் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ் ஹாரன் கேட்டது.

“ஏறிடுங்கக்கா!” என்று கத்தினேன்.

“ஏறிட்டேன் சார். ஐயோ, கடேசி வீட்டுப் பொண்ணுங்க ரெண்டும் வரல. இருங்க, எறங்கறேன்.”

போன் கட்டாகிவிட்டது.

ஒன்றே முக்காலுக்கு அந்த பஸ் எங்கள் கேட்டுக்கு வந்தது. அக்கா அதில் இல்லை. அந்தப் பெண்களும் இல்லை. என் தவறுக்கு அவர் வேலை போகப் போகிறது என்று கேட்டிலேயே நின்றேன். மணி இரண்டாக மூன்று நிமிடம் இருக்கும்போது தக்காளிக் கூடை ஏற்றிய ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னாலிருந்து முதலில் இரண்டு பெண்கள் குதித்தார்கள், பிறகு அக்கா.

“ரெண்டு லேட்டு ஆயிருக்கே, ஏங்க்கா எறங்கினீங்க?” என்றேன்.

“அதுங்களுக்கும் ரெண்டு ஆயிருக்கு சார்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்களை முன்னால் தள்ளி முதலில் அவர்களைப் பதியவிட்டு, கடைசியாக வருகைப் பதிவு மெஷினில் தன் விரலை வைத்தார். ஒன்று ஐம்பத்தொன்பது.