நாலாம் நம்பர் கவுண்டரில் ஒரு கூறைப்புடவை

ஊரார் பெட்டியையெல்லாம் தேசம் தேசமாக அனுப்பிவிட்டு, சாயங்காலம் திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கி, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதுதான் விமான நிலைய செக்-இன் கவுண்டரில் உட்காருகிறவனின் பிழைப்பு. பன்னிரண்டு வருடமாக எனக்கு அதுதான் பிழைப்பு. என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை கிடையாது. அதற்காகப் பறக்கிறவர்களைப் பார்த்து நான் வயிறு எரிந்ததில்லை. எரிந்ததெல்லாம் பக்கத்து கவுண்டரைப் பார்த்துத்தான். வங்கியிலோ தபால் நிலையத்திலோ ரயில் முன்பதிவிலோ கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்கும் பக்கத்தில் ஒருத்தர் இருப்பார். உங்கள் வேலையையே செய்வார், நல்ல பேரை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு போவார். எனக்கு வாய்த்தவர் பெயர் ஷபானா.

ஒரே கார்டு

முதலில் எங்கள் தலைவலியைச் சொல்லிவிடுகிறேன். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் மாறிப் போனால், பெட்டியை இங்கே போட்டுவிட்டுக் கடைசி ஊரில் எடுத்துக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், பெட்டி நடுவில் இறங்கிவிடும். பயணிதான் அதை எடுத்துக்கொண்டுபோய், மறுபடி வரிசையில் நின்று, அடுத்த விமானத்தில் போட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போயிருக்கிறது.

முடிச்சூரிலிருந்து ஒருத்தர் குடும்பத்தோடு வந்தார். ஆறு பெட்டி. துபாய் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து லண்டனுக்கு இன்னொரு கம்பெனியில் வேறு டிக்கெட். ஆறையும் துபாயில் எடுத்து மறுபடி போட வேண்டும் என்றேன். ஏன் என்றார். விளக்கினேன். மறுபடியும் ஏன் என்றார். காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து, கிரெடிட் கார்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். “ரெண்டு டிக்கெட்டையும் இந்த ஒரே கார்டுலதானே சார் வாங்கினேன்?”

பக்கத்து வரிசை

ஷபானா வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. பெட்டியின் கைப்பிடியில், போகும் ஊர் அச்சடித்த டேக் எப்படி மாட்டுவது, பழைய டேக்கை ஏன் கிழித்துப் போட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான். அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவாள், முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். சில கம்பெனிகளுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. டிக்கெட் தனித்தனியாக இருந்தாலும், இரண்டாவது டிக்கெட்டின் விவரத்தைக் கையால் அடித்தால் கடைசி ஊர் வரைக்கும் டேக் போடலாம். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் இல்லை. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அது அடிக்கடி மாறும், ஒவ்வொரு தடவையும் திறந்து பார்க்க வேண்டும். நான் பயணியிடம் “டிக்கெட் எங்க வரைக்கும்?” என்று கேட்பேன். அவள் “கடைசியா எங்க போறீங்க?” என்று கேட்பாள். பிறகு பட்டியலைத் திறந்து பார்ப்பாள். முடிந்தால் போடுவாள், முடியாவிட்டால் முடியாது என்பாள். அவள் முடியாது என்றால்கூட தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போகிறார்கள்! ஒருநாள் என் கவுண்டர் காலியாக இருக்க, அவள் வரிசை தூண் வரைக்கும் நீண்டிருந்தது. கடைசியில் நின்ற பெரியவரைக் கை காட்டிக் கூப்பிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “பரவால்ல தம்பி, நமக்கு டைம் இருக்கு. நான் மேடம்கிட்டயே பார்த்துக்கறேன்.”

ரவா லட்டு

ஷபானாவுக்கு என்று வந்த ஒரு டப்பாவிலிருந்து இரண்டு லட்டை நான் தின்றுவிட்டுத்தான் மறுநாள் அவளிடம் கொடுத்தேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

முந்தைய தடவை அவள் புண்ணியத்தில் டொரண்டோ வரைக்கும் பெட்டிக் கவலையில்லாமல் போன ஒரு பையன், மறுபடி போகும்போது அம்மா கொடுத்தனுப்பியதாக, மூடியில் ‘ரவா லட்டு - 20’ என்று எழுதிய ஒரு டப்பா கொண்டுவந்தான். அன்றைக்கு ஷபானாவுக்கு வார விடுமுறை. எனக்கு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு கடலைமிட்டாய்கூட யாரும் தந்ததில்லை. பையன் காலி நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், டப்பாவை என் பக்கம் தள்ளினான். “அவங்ககிட்ட குடுத்துடுங்க சார். நீங்க அவங்க அசிஸ்டெண்ட்தானே?”

காலி இடம்

எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் பெயர் போயிற்று. ஒன்று என்னுடையது, இன்னொன்று ஷபானாவுடையது. எனக்கு அந்த வேலை வேண்டும், நண்பர்களே. சம்பளத்துக்காக மட்டுமில்லை. நான் சொல்லிக் கொடுத்த பெண்ணிடம் போய் நான் லீவு கேட்டு நிற்பதா? நினைத்தாலே சோறு இறங்கவில்லை. மேனேஜரைப் பார்த்து என் பன்னிரண்டு வருடத்தை எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “உங்களுக்கு சர்வீஸ் பெருசு, அவங்களுக்கு க்யூ பெருசு. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்.”

கூறைப்புடவை

அந்த மாதமே ஒரு புதன்கிழமை காலை. ஷபானா டீ குடிக்கப் போயிருந்தாள். அவளுடைய நாலாம் நம்பர் கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், என்னிடம் ஒருத்தரும் வரவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்துபோய் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். கணினியில் அவள் லாகின் திறந்தே கிடந்தது. அதிலேயே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் நின்றது சேலையூரைச் சேர்ந்த ஓர் அம்மாள், சிவப்புப் பெட்டியோடு. “கடைசியா எங்க போறீங்க?” என்று, ஷபானா குரலிலேயே கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்போர்ன் என்றார். சிங்கப்பூரில் மாற வேண்டும், தனித்தனி டிக்கெட். “கவலையே படாதீங்க, நேரா மெல்போர்ன்லயே எடுத்துக்கலாம்” என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. இந்த முகத்தைத்தான் இத்தனை நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விவரத்தை அடித்தேன், டேக் வந்தது, மாட்டினேன். பட்டியலை மட்டும் திறக்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. பெட்டி உள்ளே உருண்டு போவதைப் பார்த்தபடி அந்த அம்மாள் சொன்னார். “வெள்ளிக்கிழமை என் தங்கச்சிக்குக் கல்யாணம் சார். கூறைப்புடவை அதுலதான் இருக்கு, உங்களை நம்பித்தான் விடறேன்.”

கண்ணாடி அறை

சிங்கப்பூரிலிருந்து மெல்போர்னுக்குப் பறக்கும் அந்த இரண்டாவது கம்பெனியைப் போன மாதமே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். பெட்டி சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டது, அந்த அம்மாள் வெறுங்கையோடு மெல்போர்னில் இறங்கினார். வியாழக்கிழமை காலையில் புகார் வந்தது. நாலாம் நம்பர் கவுண்டர். டேக் போட்டது யார் என்று கணினியில் பார்த்தால் ஷபானாவின் குறியீடு. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடி அறைக்குள் அவள் தலை குனிந்து நிற்பதை வெளியிலிருந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது சந்தோஷம்தான்.

வெளியே வந்தவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஃபோனை எடுத்தாள். சிங்கப்பூருக்குப் பேசினாள், மெல்போர்னுக்குப் பேசினாள், மறுபடி சிங்கப்பூருக்கு. வேறொரு விமானத்தில் இடம் பிடித்து, அன்றைக்கே பெட்டியை ஏற்ற வைத்தாள். மத்தியானம் கேண்டீனில் மேனேஜர் என் எதிரே தட்டோடு உட்கார்ந்தார். “அந்த நேரத்துல அவங்க சீட்டுலயே இல்லைன்னு கேண்டீன்ல சொல்றாங்க. யார் உக்காந்ததுன்னு கேட்டா, ‘என் லாகின்ல நடந்தது, என் பொறுப்பு சார்’ங்கறாங்க.”

ஒப்புதல்

என்னை யாரென்று நினைத்துவிட்டாள் அவள்? வரிசையைக் கொடுத்தேன், லட்டைக் கொடுத்தேன். என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட நல்ல மனசு என்ற பேரும் அவளுக்கேவா? அதை மட்டும் விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். மேனேஜர் அறைக்குப் போய், அவர் சாப்பிட்டு வரும்வரை காத்திருந்து, டேக் போட்டது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் வேலை அந்தக் கையெழுத்தோடு போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நாலாம் நம்பருக்கு ஃபோன் வந்தது. ஷபானா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. “புடவை வந்துடுச்சு மேடம்! அயர்ன் பண்ண நேரமில்ல, மடிப்புத் தடத்தோடவே கட்டிவிட்டு உக்கார வெச்சிட்டோம்.” ஃபோனை வைத்துவிட்டு ஷபானா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாசக் கடைசியில் ஆர்டர் அவள் பெயருக்கு வந்தது. வாழ்த்துச் சொல்லப் போனேன். சிரிக்காமல் கேட்டாள். “டேக்கை ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம் அண்ணா. அந்த ரெண்டு ரவா லட்டை எப்ப எழுதிக் குடுக்கப் போறீங்க?”

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் அனுப்பியவற்றில் நடுவில் எங்கேயும் இறங்காமல், எந்தப் பட்டியலும் பார்க்காமல், நேராக ஷபானாவின் சூப்பர்வைசர் மேஜை வரைக்கும் போய்ச் சேர்ந்தது என் பொறாமை ஒன்றுதான்.