மூன்றாவது அடுக்கு

தேயிலைத் தோட்டத்தின் பெயரைத் தொட்டால் அதன் கீழ் டிவிஷன்கள் விரிய வேண்டும். ஒன்றுகூட விரியவில்லை. பதுளையில் நான் வேலை பார்த்த சிறிய அலுவலகத்தில், பக்கத்து மேசை அக்கா அந்தக் கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர்.

நடமாடும் கிளினிக் நடத்தும் ஓர் அமைப்புக்காக இணையத்தளம் செய்துகொண்டிருந்தோம். ஊர், ஊருக்குள் தோட்டம், தோட்டத்துக்குள் அதன் பிரிவான டிவிஷன் என்று மெனு மூன்று அடுக்காக இறங்க வேண்டும். டாக்டர் வரும் நாள் கடைசி அடுக்கில்தான் இருந்தது. நாங்கள் வாங்கியிருந்த 'தீம்' என்ற ஆயத்தத் தள வடிவமைப்போ இரண்டு அடுக்கோடு நின்றுவிட்டது. ஒப்படைக்க இரண்டே நாள் இருந்ததால் நான் பொறுமை இழந்தேன். "தோட்டத்துப் பேரோட விட்டுடுவோமே அக்கா. டிவிஷன கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்படி விசாரிச்சுத்தான் தம்பி எங்கம்மா காய்ச்சலோட என்னைத் தூக்கிக்கிட்டு மேல் டிவிஷனுக்கு ஏறிப் போனாங்க. அன்னைக்கு கிளினிக் கீழ் டிவிஷன்ல."

மெனுவைத் திரையில் காட்டும் நிரல் பகுதியை அவர் புதிதாகவே எழுதினார். ஒவ்வொரு பெயருக்குள்ளும் அதன் கீழ் வரும் பெயர்களின் பட்டியலை வைத்தார். பெயரைத் தொட்டால் பக்கம் திறந்துவிடுகிறது என்பதால், பட்டியலை விரிக்கப் பக்கத்தில் தனியாக ஓர் அம்புக்குறிப் பொத்தான் வைத்தார். பெருவிரல் தவறாமல் படும் அளவுக்கு அதைப் பெரிதாக்கினார். வாங்கிய வடிவமைப்பைப் புதுப்பித்தாலும் அழியாதபடி எல்லாவற்றையும் தனிக் கோப்பில் போட்டார். இரண்டாம் நாள் மாலை, திரையில் கீறல் விழுந்த என் பழைய போனில் மூன்றாவது அடுக்கு முதன்முறையாக இறங்கியது. ஒப்படைத்த அன்று யாரும் மெனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் உழைப்பு யார் கண்ணிலும் படவில்லையே என்று எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. யாரோ ஒரு பெண், நல்ல கோபத்தில் இருந்தார்.

"உங்க வெப்சைட்ல எங்க டிவிஷன் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்குங்க. அதுல நாள் பாத்துத்தான் புள்ளைக்கு ஊசி போட்டுட்டு வர்றேன். பேர சரியா போடக்கூடாதா?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு அக்காவிடம் சொன்னேன். அன்று அவர் முகம் மலர்ந்த மாதிரி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"மூணாவது அடுக்கு வரைக்கும் இறங்கிப் பாத்திருக்காங்க தம்பி!" என்றபடியே அந்த எழுத்தைத் திருத்த உட்கார்ந்தார்.