உதறாத தெர்மாமீட்டர்

என் அலமாரியின் மேல்தட்டில், பழைய ஊசிப்பெட்டி ஒன்றுக்குள் பஞ்சு சுற்றி ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத் தொட விடமாட்டேன். காய்ச்சல் பார்க்கும் குழாயில் ஒரு முறை ஏறிய பாதரசம் தானாக இறங்காது, கையில் பிடித்து உதறினால்தான் இறங்கும். இதை நான் உதறி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. நூற்றிரண்டில் நிற்கிறது. "ஒதறிட்டு உள்ள வைங்களேன், இது என்னா பூசைச் சாமானா?" என்று என் மனைவி ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அலமாரியைத் துடைக்கும்போதுகூட அந்தப் பெட்டியை மட்டும் அவள் நகர்த்துவதில்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆள் குறைத்துக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூருக்கு வடக்கே காஹாங் என்ற ஊருக்கு உள்ளே காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் நான் டிரசராக இருந்தேன். டிரசர் என்றால் பாதி டாக்டர், பாதி கம்பவுண்டர். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், முடியாத கேஸைக் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். இதெல்லாம் பகல் வேலை. விடியுமுன் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டுக் களத்தில் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது, உடம்புக்கு முடியாதவர்கள் தனி வரிசையில் நிற்பார்கள். நான் அரிக்கேன் விளக்கோடு வந்து ஒவ்வொருவர் நாக்கடியிலும் தெர்மாமீட்டரை வைப்பேன். நூறு டிகிரி இருந்தால் லீவு. தொண்ணூற்றொன்பதரை இருந்தால் ரப்பர் காட்டுக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டம் எங்கள் துரை போட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களையும், தலை சுற்றுகிறது என்று சொன்ன கிழவர்களையும் இந்தச் சட்டத்தைச் சொல்லி நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்போது அதில் எனக்கு ஒரு மிதப்பும் இருந்தது. அதை மறைக்க இப்போது விரும்பவில்லை.

தோட்டத்து லாரியை ஓட்டியவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சேலத்துப் பக்கத்து மனிதர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன். நான் மட்டும் பதவிக் கொழுப்பில் வெறும் 'டிரைவர்' என்று கூப்பிடுவேன். அவர் என்னை 'டிரசரையா' என்பார். குடி கிடையாது. பெண்டாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவள். கதவில்லாத அந்த லாரியின் மரத்தட்டில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி ஊசிமிளகாய் இருக்கும். முதலில் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று நினைத்தேன். கண் செருகும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக் கடிப்பதற்கு என்று பின்னால்தான் தெரிந்தது.

விலை விழுவதற்கு முன் லாரிக்கு இரண்டு டிரைவர், மூட்டை தூக்க இரண்டு ஆள். துரை மூன்று பேரை நிறுத்திவிட்டார். நாலு பேர் வேலையும் இவர் ஒருத்தர் தலையில் விழுந்தது. விடியுமுன் தூரத்து டிவிஷனுக்கு வெட்டு ஆட்களை இறக்கவேண்டும். அவர்கள் வெட்டிய பாலை டிரம்மில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுவரவேண்டும். பிறகு ரப்பர் ஷீட்டு மூட்டைகளோடு பத்து பாகாட் என்ற ஊரின் படகுத்துறைக்கு ஓட்டம், திரும்பும்போது அரிசி மூட்டை. செம்மண் சாலையும் மரப்பாலமுமாகப் போகவர நூறு மைல். வீட்டுக்கு வரும்போது லயத்தில் அடுப்பெல்லாம் அணைந்திருக்கும். மறுநாள் நாலரைக்கு மறுபடி ஹாண்டிலைச் சுற்றி லாரியைக் கிளப்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமை? துரை பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு மணல் அடிக்கவேண்டும். ஆற்றிலிருந்து மணல் அள்ளிக் கொட்டி, அதில் துரையும் அவர் கூட்டாளிகளும் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு குதிப்பதற்காக ஒரு மனிதன் வாரத்தின் ஏழாவது நாளையும் கொடுத்தான்.

இதையும் கேளுங்கள். படகுத்துறைக் கிடங்கில் ஒரு பலகை மாட்டியிருந்தது. வந்து சேர்ந்த லாரியின் இஞ்சினுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்கவேண்டும், பானெட்டைத் திறந்து வைக்கவேண்டும், மீறினால் வேலை போகும் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. துரையின் உத்தரவு. மருந்துப் பெட்டி வாங்க ஒரு முறை அந்த லாரியில் நானும் போயிருந்தேன். இஞ்சின் நிழலில் நின்று மூச்சு வாங்கியது. அந்த ஒரு மணி நேரமும் டிரைவர் ஷீட்டு மூட்டைகளை இறக்கி, அரிசி மூட்டைகளை முதுகில் ஏற்றினார். நான் சிரித்துக்கொண்டே, "என்னா டிரைவர், இஞ்சினுக்கு இருக்கிற யோகம் ஒமக்கு இல்லையே" என்றேன். அவரும் சிரித்தார். "அது கெட்டா சிங்கப்பூர்லேருந்து சாமான் வரணுங்க. நான் கெட்டா லயத்துலேருந்து ஆள் வரும்" என்றார். அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து, கிராணியிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவருடைய சம்சாரம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மத்தியானம் வெட்டு முடிந்ததும் முக்காட்டைக் கூட அவிழ்க்காமல் லாரியில் அவர் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். பத்து பாகாட் வரைக்கும் வாய் ஓயாமல் பேசுவாள். லயத்துச் சண்டை, கங்காணி வீட்டுக் கோழி, ஊரில் விட்டுவந்த தங்கச்சி என்று எதையாவது. அவர் பதில் சொல்லாவிட்டால் தொடையில் கிள்ளுவாள். "பேச விஷயம் தீந்துபோச்சுன்னா என்னா பண்ணுவே?" என்று ஒரு முறை கேட்டேன். "மொதல்லேருந்து ஆரம்பிப்பேங்க ஐயா. அவுருக்கு நெனப்பா இருக்கப்போவுது?" என்றாள். அதுவும் துரையின் கண்ணில் பட்டது. லாரி என்ன வாடகை வண்டியா, பொம்பளை ஏறக்கூடாது என்று உத்தரவாயிற்று. அந்த வாரத்தில்தான் டிரைவர் என் வரிசைக்கு வந்து நின்றார்.

முதல் நாள் தெர்மாமீட்டரை வைத்தேன். தொண்ணூற்றெட்டு. "என்னா செய்யுது?" என்றேன்.

"காச்ச இல்லீங்க ஐயா. தூக்கந்தாங்க. கண்ணத் தொறந்துகிட்டே தூங்கிப்புடறேன். நேத்துப் பாலத்துக்கிட்ட வந்தது தெரியும், பாலத்தத் தாண்டினது தெரியல. ஒரே ஒரு நா படுத்துக்கிட்டா சரியாப் போயிரும்."

காய்ச்சல் இல்லாமல் நான் எப்படி எழுதுவது என்று கேட்டு அனுப்பிவிட்டேன். மறுநாளும் வந்தார். மறுநாளும் தொண்ணூற்றெட்டு. இந்த முறை அவராகவே போய் ஹாண்டிலைச் சுற்றினார்.

மூன்றாவது நாள் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. லீவு வேண்டுமென்றால் சூடான தேத்தண்ணியை வாயில் வைத்திருந்துவிட்டு வரிசைக்கு வருவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். பழகினவர்கள் விழுங்கிய பிறகு கொஞ்சம் பொறுத்து, அளவான காய்ச்சலோடு வருவார்கள். எனக்கும் தெரியும், விட்டுவிடுவதும் உண்டு. டிரைவருக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. யாரோ சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்திருந்து, விழுங்கிய கையோடு வந்து நாக்கை நீட்டினார். பாதரசம் நூற்றாறைத் தொட்டது. நான் விளக்கைத் தூக்கிப் பிடித்து, களம் முழுக்கக் கேட்கும்படி, "நூத்தாறு டிகிரி! நம்ம டிரைவர் செத்து ரெண்டு நாளாச்சு!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. வெந்த நாக்கோடு, "தப்புதாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு லாரியை நோக்கி நடந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதன் ஒரே ஒரு பொய் சொன்னான், அதையும் நான் ஊர் கூட்டிச் சிரித்தேன்.

அன்றைக்குத்தான் விழுந்தது. பட்டப்பகல், மழையும் இல்லை. அரிசி மூட்டையோடு திரும்பும்போது, தோட்டத்துக்கு இரண்டு மைல் இருக்கையில், மரப்பாலத்துக்கு முந்திய வளைவில் லாரி வளையாமல் நேரே பள்ளத்தில் இறங்கிவிட்டது. பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லை. அவருடைய வலது கால் இஞ்சினுக்கும் மரத்தட்டுக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. வெட்டு ஆட்கள் சாக்கில் கட்டித் தூக்கிவந்தார்கள். என்னால் ஆகக்கூடிய காயம் இல்லை, உடனே குளுவாங்குக்குக் கொண்டுபோகவேண்டும். தோட்டத்தில் இருந்த ஒரே லாரி பள்ளத்தில் கிடந்தது. துரையிடம் ஓடி அவருடைய காரைக் கேட்டேன். காரின் சீட்டு புதிது, பக்கத்துத் தோட்டத்து லாரிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றார். அந்த லாரி வர இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாள்! பங்களா வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. அன்று மாலை அதில் ஏறித் துரை கிளப்புக்குப் போனதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். எங்கள் துரைக்குத் தமிழில் ஏவல் மட்டும்தான் வரும். "நீ எழுது. அவன் குடிச்சான். எழுது" என்றார். வாயில் சாராய வாடை இல்லை என்றுதான் எழுதினேன். அதை ரொம்ப நாள் என் வீரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். துரை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, டிரைவரின் கவனக்குறைவு என்று தானே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பின்னால் விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் ஒழுங்காகத்தான் கேட்டார். "அன்று காலையில் அவருக்கு உடம்பு சரியில்லையா? உங்களிடம் வந்தாரா?" துரை பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "வந்தார். காய்ச்சல் இல்லை" என்றேன். மூன்று நாளாக என்னிடம் வந்து ஒரே ஒரு நாள் தூக்கத்தைப் பிச்சை கேட்டார் என்பதை நான் சொல்லவில்லை. என் வேலை, என் அறை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவருக்கு உயிர் திரும்பியிருக்காது, பேராவது மிஞ்சியிருக்கும். கவனக்குறைவுக்காரன் பெண்டாட்டி என்ற சொல்லோடு அந்தப் பெண் அடுத்த கப்பலில் ஊருக்குப் போயிருக்கமாட்டாள்.

டிரைவர் குளுவாங் ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் இறந்துபோனார். கால் அழுகி விஷம் ஏறிவிட்டது. இரண்டு மாதத்தில் தோட்டத்துக்குப் புது லாரி வந்தது. பளபளவென்று, கதவெல்லாம் வைத்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியை அசந்துபோனவன் கையில் விடலாமா என்று துரையே சொல்லி, அதற்கு இரண்டு டிரைவர்களை முறை வைத்து நியமித்தார். லாரியைக் காப்பாற்ற அவருக்கு அவ்வளவு சுலபமாக வழி தெரிந்திருந்தது. வயிறு எரிந்து அந்த மாதமே நான் வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் நாலு வருஷம் வேறு ஒரு தெர்மாமீட்டரோடு அதே களத்தில் அதே விளக்கைப் பிடித்தேன். ஆனால் நூறு என்ற கணக்கை நான் தனியாக மாற்றிக்கொண்டேன். முகத்தைப் பார்த்து நூற்றொன்று என்று எழுதப் பழகினேன். துரை கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அத்தனை சுலபமான காரியம் அது. அதைச் செய்ய எனக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது.

இப்போது பத்து பாகாட்டில் என் வீட்டு வாசல் வழியாகத்தான் பலகை லாரிகள் போகின்றன. முனைக் கடையில் நிறுத்தி, நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போகும் பையன்களின் கண்களைப் பார்க்கிறேன். செக்கச்செவேலென்று இருக்கின்றன. எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்து லாரி வந்து நின்ற காலையில்தான் அந்தத் தெர்மாமீட்டரைக் கடைசியாக டிரைவர் நாக்கடியில் வைத்தேன். நாக்கில் தேத்தண்ணிச் சூட்டின் கொப்புளம் இன்னும் ஆறாமல் இருந்தது. எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "எவ்வளவுங்க ஐயா?" என்றார்.

"நூத்திரெண்டு."

உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா வலியா தெரியவில்லை. "நெசக் காச்சதாங்க ஐயா" என்றார். "இப்ப லீவு உண்டுங்களா?"