துடைக்காமல் விட்ட கார்

அவருக்குப் பளபளா என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கார் விற்கும் ஒரு நிறுவனத்தின் பின்கட்டில், புது வண்டிகளையும் சர்வீஸ் முடிந்த வண்டிகளையும் கழுவித் துடைத்து வெளியே அனுப்புவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை, அதே இடம். அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், வாசலில் இருக்கும் காவலாளியே ஒரு நிமிடம் முழித்துவிட்டு, "ஓ, நம்ம பளபளாவா? நேரா பின்னால போங்க" என்பார்.

பெயர் சும்மா வந்ததில்லை. அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர்தான். வாயில் வைத்தால் முகம் கோணும் அளவுக்கு உப்பு. அந்தத் தண்ணீர் பட்ட வண்டியை அப்படியே காயவிட்டால், அரை மணி நேரத்தில் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம் பூத்து, தேமல் விழுந்த மாதிரி நிற்கும். காய்வதற்குள் துடைத்தாக வேண்டும். வெயிலுக்கும் பளபளாவுக்கும் தினமும் ஓட்டப்பந்தயம். கூரையில் ஆரம்பித்து, கண்ணாடி, பானெட், கதவு என்று இறங்கி வருவார். துணியை எட்டாக மடித்திருப்பார். ஒரு பக்கம் ஈரமானால் அடுத்த பக்கம். பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்குள் பதுங்கியிருக்கும் தண்ணீர், எல்லாம் முடிந்து நிம்மதியாக மூச்சு விடும்போது மெல்ல வடிந்து கதவில் கோடு இழுக்கும். அதை விரட்டுவதற்காகவே நாலு கதவையும் திறந்து ஓங்கி ஓங்கிச் சாத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் முன்கட்டில் இருப்பவர்கள் ஒரு வண்டி தயார் என்று தெரிந்துகொள்வார்கள்.

பின்கட்டில் கழுவும் தளங்கள் இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று ரேடியோவுடையது. ரேடியோ என்பவள் நாற்பது வயதுப் பெண். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். பளபளாவை அண்ணே என்று கூப்பிடுவாள். அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, அந்தப் பின்கட்டுக்குச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் இரண்டு நீல உருளைகள் வந்து சேர்ந்தன. இடுப்பு உயரம். மேலே ஒரு குழாய், பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர். கொண்டுவந்த விற்பனையாளர் டை கட்டியிருந்தார். சர்வீஸ் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவர் விளக்கினார்.

"உள்ள சின்னச் சின்ன மணிங்க இருக்கு. தண்ணியில இருக்கிற உப்பை எல்லாம் அது பிடிச்சு வச்சுக்கும். மீட்டர்ல சைபர் காட்டணும், அவ்வளவுதான். எப்பவும் போல கழுவுங்க. கடைசியா இந்தத் தண்ணியில ஒரு அலசு அலசிட்டு விட்டுடுங்க. துடைக்கவே வேண்டாம். தானா காஞ்சுடும். ஒரு புள்ளி இருக்காது."

"தானா காயும்தான்" என்றார் பளபளா. "குளிச்சுட்டு வந்தா நானும் தானா காஞ்சுடுவேன். அதுக்காக துண்டு வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

ரேடியோ பக்கென்று சிரித்துவிட்டாள். மேனேஜரும் சிரித்தார். ஆனாலும் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. ரேடியோவின் தளத்தில் மிஷின், பளபளாவின் தளத்தில் கை. எது தேறுகிறது என்று பார்க்கலாம்.

முதல் வாரம் முழுக்க பளபளா தன் வேலையைவிட ரேடியோவின் வேலையைத்தான் அதிகம் பார்த்தார். அவள் அலசிவிட்டு நகர்ந்ததும், ஏதோ சாவி விழுந்துவிட்டதுபோலக் குனிந்து, வண்டியின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு புள்ளி தேடுவார். கிடைக்கவில்லை. கண்ணாடியிலிருந்து வடிந்த தண்ணீர் கதவில் வாலாக நீண்டு காய்ந்த இடத்தில்கூட ஒன்றும் இல்லை. அவர் நாற்பது நிமிடம் எடுக்கும் வண்டியை அவள் இருபத்தைந்தில் முடித்தாள். ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு எவர்சில்வர் மூடிகளை வெயிலில் வைத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீரையும் இன்னொன்றில் மிஷின் தண்ணீரையும் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். ஒன்றில் வட்டம் வட்டமாக வெள்ளை. மற்றது துடைத்துவைத்தது போல இருந்தது.

வீட்டுக்குப் போய் இதை மனைவியிடம் சொன்னார். அவள் மருத்துவமனையில், ரத்தம் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். நோயாளிகளைப் பார்க்கிற வேலை இல்லை. அந்த மிஷின்களுக்குப் போகிற தண்ணீரைப் பார்க்கிற வேலை. காலையில் முதல் ஆளாகப் போய்த் தண்ணீரைச் சோதித்து, சரி என்று அவள் சொன்ன பிறகுதான் அங்கே எதுவும் ஓடும்.

"இதையேதான் நான் பதினோரு வருஷமா அங்க பண்ணிட்டிருக்கேன்" என்றாள் அவள். "என்னிக்காவது என்ன வேலைன்னு கேட்டிருக்கீங்களா?"

"தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சேன்."

"தண்ணி காஞ்சு போயிடும். அதுக்குள்ள இருக்கிற உப்பு எங்க போகும்? அங்கேயே உக்காந்துக்கும். இத்தனை வருஷமா நீங்க விரட்டினது தண்ணிய இல்ல, உப்பை."

பளபளாவுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருடத்தையும் இரண்டு வரியில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டாளே என்றிருந்தது. "அப்போ இனிமே அங்க எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"ஏங்க, சேறும் அழுக்கும் யாரு எடுப்பா? அந்த மிஷினா? அது அலசத்தானே செய்யும்?" என்றவள், அவர் டம்ளரைப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். "அது என்ன, புதுசா இடது கையில காப்பி?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

சும்மா இல்லை. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. முதலில் தூங்கி எழும்போது மட்டும் ஊசி குத்துவது போல இருந்தது. பிறகு நாளெல்லாம். சட்டைப் பொத்தான் போட கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கையை நம்பிப் பிழைப்பவன், கை போய்விட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்வானா?

மூன்றாவது வாரம் புதன்கிழமை, ஒரு பல் டாக்டரம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய புது வண்டி வந்தது. கறுப்பு. கறுப்பு வண்டி எதையும் மறைக்காது. அதனால் அதை மேனேஜர் மிஷின் தளத்துக்கே அனுப்பியிருந்தார். ரேடியோ கழுவி, அலசி, அப்படியே விட்டுவிட்டு, நம்பர் பலகை வாங்கிவர முன்கட்டுக்குப் போனாள்.

வண்டி வெயிலில் நின்றது. கறுப்பின் மேல் ஆயிரம் துளி, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் சூரியன். காய்ந்தால் புள்ளி விழாது என்று பளபளாவுக்கு நன்றாகவே தெரியும்; மூடிகளை வைத்து அவரே பார்த்தாயிற்று. ஆனால் மனசு கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் வெயிலோடு ஓடிப் பழகிய கால். பக்கத்து வாளியின் விளிம்பில் கிடந்த துணியை எடுத்தார். கூரையையும் பானெட்டையும் சரசரவென்று துடைத்தார். மூன்று நிமிடம்தான். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்துவிட்டார்.

ரேடியோ திரும்பி வந்து வாயைப் பிளந்தாள். "அதுக்குள்ள காஞ்சுடுச்சா! பாத்தீங்களா அண்ணே, மிஷினோட மகிமைய!"

பளபளா குனிந்து ஒரு டயரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த டாக்டர் வண்டியோடு திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. மேனேஜரை வெயிலுக்குக் கூட்டிவந்து, பானெட்டைக் காட்டினார். மயிரிழை போல வளைவு வளைவாகக் கீறல்கள். நிழலில் தெரியாது, வெயிலில் தப்பாது.

டாக்டரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, மேனேஜர் ரேடியோவைக் கூப்பிட்டார். "கழுவுற கையுறையில மண் இருந்திருக்கு. மிஷின் பாத்துக்கும்னு அசட்டையா இருந்துட்டீங்க, இல்ல?"

"இல்ல சார், மூணு தடவை அலசினேன். சத்தியமா சார்."

"அப்போ இது எப்படி வந்துச்சு? வண்டி தானா கீறிக்கிச்சா? இதுக்கு மேல உங்கள இந்த வேலையில வைக்கிறது கஷ்டம்."

ரேடியோ கையுறையைக் கழற்றி வாளியின் விளிம்பில் வைத்தாள்.

பளபளா பத்தடி தள்ளி நின்றிருந்தார். அவர் மெல்ல நடந்து வந்து பானெட்டைப் பார்த்தார். இடமிருந்து வலமாக ஒரு அரைவட்டம், நடுவில் ஒரு திருப்பம், மறுபடி அரைவட்டம். ரேடியோ நேர்கோட்டில் தேய்ப்பவள். இந்த வளைவு யாருடையது என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். தன் கையெழுத்தைத் தானே படிப்பது போல இருந்தது.

உடனே சொல்லவில்லை. அடுத்த வண்டியைக் கழுவினார். அதற்கடுத்த வண்டியையும். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்ததைப் பார்த்தார். அப்புறம்தான் எழுந்து மேனேஜரின் அறைக்குப் போனார்.

"சார், அந்தக் கறுப்பு வண்டியில கீறல் போட்டது நான்."

மேனேஜர் நிமிர்ந்தார். "நீங்களா? அது உங்க வண்டியே இல்லையே."

"அவ அலசி விட்டுட்டுப் போனா. துளி துளியா நின்னுச்சு. பாத்துட்டு சும்மா இருக்க முடியல. துடைச்சுட்டேன்."

"துடைச்சா என்ன? எத்தனை வருஷமா துடைக்கிறீங்க! துணியில மண் இருந்தா உங்களுக்குத் தெரியாமலா போகும்?"

"முன்னாடி தெரியும். ஒரு மணல் இருந்தாலும் விரல் சொல்லிடும்." அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். "இப்போ சொல்றதில்ல சார். ஏழு மாசமா இந்த மூணு விரலும் ஊமையாயிடுச்சு."

மேனேஜர் ஒரு குண்டூசியை எடுத்து மேசையில் வைத்தார். "எடுங்க பாக்கலாம்." பளபளா எடுக்கப் பார்த்தார். மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை மேனேஜரே அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"ஏன் சொல்லல?"

"எதுக்கு சொல்லணும்? வீட்டுக்குப் போன்னு நீங்க சொல்றதுக்கா?"

மேனேஜர் குண்டூசிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு, "மொதல்ல ரேடியோகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். நீங்களும் வாங்க" என்று எழுந்தார்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டதை ரேடியோ தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். பளபளாவை விடவில்லை. "வாயத் தொறந்து நாலு வார்த்தை சொல்ல காலையில இருந்து இவ்வளவு நேரமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேச்சு இல்லாத அந்தத் தளத்தில் தண்ணீர் விழும் சத்தம் அவருக்கு நாராசமாக இருந்தது.

டாக்டரிடமும் அவரே போய்ச் சொன்னார். பெயின்ட் பிரிவில் ஒரு மத்தியானம் பாலிஷ் போட்டதில் கீறல் மறைந்துவிட்டது. டாக்டரம்மா வண்டியைவிட அவர் கையைத்தான் அதிக நேரம் பார்த்தார். "எனக்கும் கையாலதான் பொழப்பு. தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில்தான் புயல் அடித்தது. "தண்ணியில துளி மாற்றம் இருந்தாலும் கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் என்னை வேலைக்கு வச்சிருக்காங்க" என்று மனைவி அழுதாள். "கூட இருக்கிற மனுஷனுக்கு ஏழு மாசமா கை மரத்துக் கிடக்கு, அது எனக்குத் தெரியல." அவரைத் திட்டுகிறாளா தன்னைத் திட்டிக்கொள்கிறாளா என்று பளபளாவுக்குப் புரியவில்லை. மறுநாள் விடுப்புப் போட்டு, கையோடு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். மணிக்கட்டில் நரம்பு அழுந்திப் போயிருந்தது. சின்ன அறுவை சிகிச்சை; பிறகு ஆறு வாரம் கையை ஈரம் படாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். தண்ணீரிலேயே வாழ்ந்த மனிதருக்கு அதுதான் பெரிய தண்டனை.

திரும்பி வந்தபோது மிஷின் நிரந்தரமாகிவிட்டிருந்தது. மேனேஜர் கேட்டார். "இப்போ சொல்லுங்க. கையா, மிஷினா?"

பளபளா அவகாசம் கேட்டார். ஒரு வாரம் மிஷினை அவரே ஓட்டிப் பார்த்தார். காற்றடிக்கும் நாளில், ஈரமாக நிற்கும் வண்டி மேல் தூசி வந்து ஒட்டுவதைப் பார்த்தார். மீட்டர் சைபரிலிருந்து ஏறியதைக் கவனிக்காமல் விட்ட ஒரு நாளில் பழைய வெள்ளை வட்டங்கள் அப்படியே திரும்பி வந்ததையும் பார்த்தார். காகத்தின் எச்சத்தையும் மரப்பிசினையும் வழக்கம்போல ஊறவைத்து, கையால்தான் எடுத்தார். அப்புறம் போய்ச் சொன்னார்.

"துடைக்கிறதுக்கு மிஷின் மேல், சார். கழுவுறதுக்கு இல்ல. காத்து அடிச்சா எதுவும் மேல் இல்ல, வண்டிய உள்ள கொண்டுபோயிடணும்."

ஆள்காட்டி விரலில் உணர்வு முதலில் திரும்பியது, பிறகு கட்டைவிரலில். நடுவிரல் இன்னும் பாதிதான். கழுவுவதற்கு முன்னால் கையுறையையும் துணியையும் இடது கையாலும் ஒரு தடவை தடவிப் பார்ப்பது இப்போது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

அவர் முதன்முதலாகத் துடைக்காமல் விட்டதும் ஒரு கறுப்பு வண்டிதான். அலசி முடித்து, குழாயை மாட்டிவிட்டு நின்றார். அவர் கை துணியைத் தேடியதை ரேடியோ பார்த்துவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டாள்.

"உக்காருங்க அண்ணே. அது எங்கேயும் ஓடிடாது."

உட்கார்ந்தார். அவள் தன் கொழுந்தன் வீட்டுப் பிரச்சினையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். பளபளா ம் கொட்டிக்கொண்டே வண்டியைப் பார்த்தார். இத்தனை ஆயிரம் வண்டிகளில் ஒன்றுகூடக் காய்வதை அவர் பார்த்ததில்லை. காய விட்டதே இல்லை. கூரையின் ஓரத்துத் துளிகள் முதலில் சுருங்கின. பிறகு பானெட்டில், ஒன்றும் அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போயின. பன்னிரண்டு நிமிடம் ஆனது. கொழுந்தன் கதை இன்னும் பாதிக்குக்கூட வரவில்லை.

"இரு, வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்து வண்டியை முன்கட்டுக்கு ஓட்டிப் போனார்.