ஒன்பது மணிக்குள் ஜன்னல் சாத்த வேண்டிய வீடு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கடத்தூரிலிருந்து மாதேஷ் அண்ணன் போன் செய்தார். கல்யாணமான புதிதில் நானும் கவிதாவும் இரண்டு வருடம் குடியிருந்த மண்கட்டி வீட்டின் சொந்தக்காரர். "திங்கக்கிழமை ஜேசிபி வருதுங்க. இடிச்சுட்டு கான்கிரீட்டு போடப்போறேன். பாக்கறதுன்னா வந்து பாத்துட்டுப் போயிருங்க." சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

சென்னையில் காலை 6.10 ரயில், மொரப்பூரில் 10.15. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். எனக்குப் பதினைந்து ரூபாய், கவிதாவுக்கு இலவசம். வழியெல்லாம் அதைச் சொல்லிக்காட்டியே வந்தாள்.

எங்களை ஆட்டிவைத்த வீடு அது. காலை ஒன்பதுக்குள் எல்லா ஜன்னலையும் சாத்தி, மாலை ஆறுக்குத் திறக்க வேண்டும். மறந்தால் அன்றைக்கு முழுக்க வேக வேண்டியதுதான். எட்டு மணி வரை தூங்குகிற சோம்பேறி நான், அங்கேதான் ஐந்தரைக்கு எழப் பழகினேன். அவள் கிழக்குப் பக்கமும் நான் மேற்குப் பக்கமும் சாத்திக்கொண்டே வந்து சமையலறையில் சந்திப்போம். அன்றைய பேச்சு பாதி அங்கேயே முடிந்துவிடும். எவ்வளவு நல்ல நாட்கள்.

உள்ளே நுழைந்தால் அனல். "மண்ணு வூடு தாங்கலீங்க. மூணு குடித்தனம் ஓடிப்போச்சு" என்றார் அண்ணன். கவிதா கூரையடியை அண்ணாந்து பார்த்தாள். "சூடு வெளிய போற ஓட்டையெல்லாம் எங்கண்ணா?"

"அணில் வருதுன்னு ஒருத்தரு சொன்னாரு. நாந்தான் சிமென்ட்டு வெச்சுப் பூசிட்டேன்."

ஏணி, உளி, சுத்தியல் கேட்டு வாங்கினோம். எட்டு ஓட்டையையும் கொத்தித் திறந்தோம். என் கையெல்லாம் கொப்புளம். "இடிக்கற வூட்டுல எதுக்குங்க இந்த வேலை?" என்று அவர் சிரித்தார். "நாளைக்கு மத்தியானம் வாங்கண்ணா, அப்புறம் இடிச்சுக்குங்க" என்றாள் கவிதா. திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு அங்கேயே தங்கினோம். ஆறுக்குத் திறந்தோம், மறுநாள் ஒன்பதுக்குள் சாத்தினோம். யார் எந்தப் பக்கம் என்று பேசிக்கொள்ளவே இல்லை.

ஞாயிறு இரண்டு மணிக்கு அண்ணன் வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். "செத்த நேரம் முதுகைச் சாச்சுக்கறேன்" என்று வெறுந்தரையில் படுத்தவர், ஐந்து வரை எழவில்லை. எழுந்ததும் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார். "வர வேண்டாம் தம்பி. வூட்டு மேல தப்பில்ல."

இப்படிப்பட்ட வீட்டில் தங்கப்போகிறவர்களுக்கு: ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள், அணிலுக்குக் கம்பி வலை போதும். ஜன்னல் சாத்துகிற வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். முதல் நாள் வெக்கையை வைத்து வீட்டைத் திட்டாமல், ஒரு ராத்திரி பொறுத்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை மாலை, சென்னை அபார்ட்மென்ட்டில் ஏசியை அணைத்துவிட்டு ஹால் ஜன்னலைத் திறக்கப் போனாள் கவிதா. கொக்கியைத் தேடினாள். நானும் வந்து தேடினேன். அது திறக்கிற ஜன்னலே இல்லை. ஆறு வருடமாக இங்கே குடியிருக்கிறோம்.