மானுக்குக் கட்டிய சாரம்

ஸ்கொட்லாந்து மலையில் என்னோடு கூடாரமடித்துத் தங்கியிருந்த வேலையிடத்து நண்பர், வேட்டையில் சுட்ட மானின் ஒரு தொடையை எனக்குத் தந்தார். குட்மேய்ஸில் இருக்கும் எங்கள் வீட்டில் ஞாயிறு விருந்துக்கு அதுதான் கறி. கெட்டிக்காரனான நான், மானின் உடல்சூடு ஆறமுன்பே அதைக் கறுப்புக் குப்பைப் பையில் இறுக்கிக் கட்டினேன். சற்று நேரத்தில் பை காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. இறைச்சி நாறப்போகிறதே என்று பதறி வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“பையைக் கழட்டி, நிழலில காத்துப்படத் தொங்கவிடுங்கோ. இலையான் மொய்க்காமல் நீங்கள் இடுப்பில உடுக்கிற சாரத்தால சுத்துங்கோ.”

“அப்ப இரவு கூடாரத்தில நான் என்னத்தைப் போர்க்கிறது? குளிரப்பா.”

“இறைச்சிதான் பழுதாகும். நீங்கள் பழுதாக மாட்டியள்.”

ஞாயிறு கறி நன்றாகவே வந்தது. விடியும்வரை நடுங்கியதுகூட மறந்துவிட்டது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதை எப்படி மறப்பேன்?